ஒரு வாய்தானே என்று சொல்லாதீர்கள்



இந்த வாரம் பழைய புதுச்சேரிக் கதை எதுவும் இல்லை. மனதில் இருக்கும் ஒரு கருத்தைச் சொல்லப் போகிறேன். நம் வயதுக்காரர்களிடம்தான் இதைச் சொல்ல வேண்டும். சிலருக்குக் கோபம் வரலாம், வந்தாலும் கடைசி வரை படித்துவிடுங்கள்.

"ஒரு வாய்தானே, என்ன ஆகிவிடப் போகிறது?" இந்த வாசகத்தைப் பற்றித்தான் பேச்சு. நம் வீட்டுப் பெரியவர்கள் அன்பில் சொல்வது இது. ஆனால் கடுமையான உணவு அலர்ஜி உள்ள ஒரு பிள்ளையின் பக்கத்தில் நின்று சொன்னால், அது அந்தப் பிள்ளையின் உயிரோடு விளையாடுவது ஆகும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அடுத்த வீட்டுக்காரராலோ கடைக்காரராலோ வரும் ஆபத்தைவிட, சொந்தத் தாத்தா, ஆயா, பெரியம்மா, அத்தை வழியாக வரும் ஆபத்துதான் அதிகம் என்பது என் எண்ணம். காரணம் எளிது. அந்நியர் கொடுத்தால் தாய் தடுத்துவிடுவாள். சொந்தக்காரரைத் தடுக்க அவளுக்கு வாய் வராது.

என் மகள் வயிற்றுப் பேரனுக்கு இப்போது ஆறு வயது. எள்ளும் மல்லாட்டையும் அவனுக்கு ஆகாது. முதல் முறை தெரிய வந்தது அவனுக்கு ஒன்றேகால் வயதில். எள்ளுருண்டையில் ஒரு துணுக்கை நாக்கில் வைத்திருக்கிறார்கள். பத்து நிமிஷத்தில் உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, பிறகு நெஞ்சில் விசில் மாதிரி ஒரு சத்தம். பிள்ளை துணி மாதிரி தோளில் துவண்டுவிட்டான். ஆஸ்பத்திரியில் தொடையில் ஓர் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தான். அந்த ஊசி மருந்தின் பெயர் அட்ரினலின். அது வரை அந்தச் சொல்லை நான் எங்கோ படித்திருந்தேன், அவ்வளவுதான்.

"ஒத்துக்கொள்ளாது" என்று தமிழில் நாம் ஒரு சொல் வைத்திருக்கிறோம். குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. கத்தரிக்காய் தின்றால் அரிக்கிறது, ஒத்துக்கொள்ளாது. பால் குடித்தால் வயிறு உப்புகிறது, ஒத்துக்கொள்ளாது. மாம்பழம் தின்றால் கட்டி வருகிறது, அதுவும் ஒத்துக்கொள்ளாது. இவற்றுக்கெல்லாம் "கொஞ்சமாகச் சாப்பிடு" என்பது சரியான யோசனையாக இருக்கலாம். பாலிலுள்ள சர்க்கரையை செரிக்க முடியாதவர் அரை டம்ளர் குடித்தால் வயிறு இரையும், உயிர் போகாது. பாலிலுள்ள புரதத்துக்கு அலர்ஜி உள்ள குழந்தையின் சமாச்சாரம் வேறு. அங்கே அளவு என்ற பேச்சுக்கே இடம் இல்லை. பசும்பால் ஆகாது என்றால் ஆட்டுப்பால் கொடுக்கலாமே என்று நம் ஆயாமார்கள் சொல்வார்கள். இரண்டிலும் உள்ள புரதங்கள் ஒன்றுபோல் இருப்பதால் அதுவும் பெரும்பாலும் ஆகாது.

குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் இதை எனக்குப் புரிகிற மாதிரி இப்படி வைத்துக்கொண்டேன். ஆபீசில் ஓர் அப்பாவியின் பெயர் தவறுதலாகக் குற்றவாளிகள் பதிவேட்டில் ஏறிவிட்டது என்று வையுங்கள். அதற்குப் பிறகு அவன் முழுதாக வந்து நின்றாலும் சரி, அவன் பெயர் எழுதிய துண்டுச் சீட்டு வந்தாலும் சரி, போலீஸ் பட்டாளமே ஓடிவரும். உடம்பும் அப்படித்தான் எள்ளின் புரதத்தை எதிரி என்று பதிந்து வைத்திருக்கிறது. ஒரு முழு உருண்டை போனாலும், ஒரு விதை போனாலும், படை முழுவதும் கிளம்பலாம். அந்தப் படையால்தான் மூச்சுக்குழல் சுருங்குகிறது, ரத்த அழுத்தம் விழுகிறது.

பிரெவே வரை பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். எங்கள் அறிவியல் பாடத்தில் பஸ்தேர் நிறைய வருவார். ஷார்ல் ரிஷே என்ற பெயர் வந்ததாக நினைவில்லை. பேரனுக்கு இப்படி ஆன பிறகுதான் தேடிப் படித்தேன். 1901-ல் மொனாக்கோ இளவரசர் முதலாம் அல்பேரின் கப்பலில் ரிஷேயும் போல் போர்த்தியேயும் கடல் உயிரினங்களின் விஷத்தை ஆராயப் போனார்கள். திரும்பி வந்து, கடல் அனிமோன் என்ற உயிரினத்தின் விஷத்தை நாய்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினார்கள். பழகப் பழக நாய்களுக்கு எதிர்ப்புச் சக்தி வரும் என்பது அவர்கள் கணக்கு. நடந்தது தலைகீழ். முதல் முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரம் கழித்து அதைவிட மிகக் குறைந்த அளவு செலுத்தியதும் சில நிமிஷங்களில் செத்தது. பாதுகாப்புக்கு எதிரானது என்ற பொருளில் 1902-ல் அதற்கு அனாஃபிலாக்சி என்று பெயர் வைத்தார்கள். 1913-ல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது.

"போன தடவை கொஞ்சம் கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லையே", "கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்" என்று நாம் இன்று சொல்வதைத்தான் 120 வருஷத்துக்கு முன் இரண்டு பெரிய விஞ்ஞானிகளும் நினைத்தார்கள். அது பொய் என்று அந்த நாயே காட்டிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சை ஒன்று இப்போது இருப்பது உண்மைதான். அதை அலர்ஜி டாக்டர் மில்லிகிராம் கணக்கில், ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் செய்வார். கூடத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் செய்கிற வேலை இல்லை அது.

இனி இரண்டு வருஷத்துக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் சொந்தத்தில் ஒரு காதணி விழா. என் மகள் வழக்கம்போல் பிள்ளைக்குத் தனி டிபன் டப்பா கொண்டுவந்திருந்தாள். அதைப் பார்த்து உறவுக்காரப் பெரியம்மா ஒருவருக்கு மனம் ஆறவில்லை. விசேஷ வீட்டில் ஒரு பிள்ளை டப்பா சோறு தின்பதா? மகள் கை கழுவப் போன நேரத்தில் ஓர் அதிரசத்தைப் பிட்டு வாயில் வைத்துவிட்டார். அதில் எள் இருப்பது அவருக்குத் தெரியும். பிள்ளைக்கு எள் ஆகாது என்பதும் தெரியும். "எண்ணெயில் வெந்துபோன எள்தானே, அதில் என்ன இருக்கு" என்பது அவருடைய சமாதானம். வெந்தாலும் வறுத்தாலும் எள்ளின் குணமும் மல்லாட்டையின் குணமும் போவதில்லை என்பது அவருக்குத் தெரியாது.

டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து மகளின் கைப்பையில் இருந்தது. போடும் விதத்தையும் அவர் முன்பே பழக்கியிருந்தார். அதனால் பிள்ளை பிழைத்தான். ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து அந்தப் பெரியம்மாவும் என் மகளும் பேசுவதில்லை. சொந்தத்தில் பாதிப் பேர் என்னிடம் சொல்வது, "பெரியவங்க ஆசையில கொடுத்துட்டாங்க, உன் மகள் போய் ஒரு வார்த்தை பேசிட்டா போச்சு." என் கருத்து வேறு. போய்ப் பேச வேண்டியவர் பெரியம்மாதான். அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தவர். ஆனால் ஆசை என்பது ஒரு காரணம்தான், அது அனுமதிச் சீட்டு ஆகாது. வயதில் மூத்தவர் இறங்கி வந்தால் குறைந்துபோக மாட்டார் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். அவர் இதைப் படிப்பார் என்றும் எனக்குத் தெரியும்.

நம்மவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு வருகிறேன்.

"அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது?" இப்போது பல நாடுகளில் கூடியிருக்கிறது என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் அடியோடு இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? அன்றைக்குக் குழந்தைகள் திடீரென்று போவதுண்டு. மாந்தம், விஷக்கடி, காத்துக் கருப்பு, தெய்வக் குத்தம் என்று ஏதோ ஒரு காரணத்தைச் சொல்லி அடக்கம் செய்தோம். அதில் எத்தனை பிள்ளை எதைத் தின்று போனதோ, எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை.

"கர்ப்பத்தில் அவள் என்ன தின்றாளோ? தாய்ப்பால் ஒழுங்காகக் கொடுத்தாளா?" இது கேள்வியே இல்லை, பழி. தாய் செய்த குற்றத்தால் வருவதில்லை இது. பிள்ளைக்கு ஒன்று என்றால் முதல் கல்லைத் தாய் மீது எறிவது நம் பழக்கம், அதை விட்டுவிடலாம்.

"எல்லாவற்றுக்கும் பயந்தால் எப்படி?" இதில் மட்டும் நம் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை செய்து, தாளில் எண் கூடியிருக்கிறது என்று பத்து உணவைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிற பெற்றோர் உண்டு. சோதனையில் தெரிவதெல்லாம் அலர்ஜி ஆகிவிடாது. சாப்பிட்டபோது என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்து அலர்ஜி டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு. 2000-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள், அலர்ஜி வர வாய்ப்புள்ள குழந்தைக்கு மூன்று வயது வரை நிலக்கடலை வேண்டாம் என்றார்கள். 2008-ல் அந்த யோசனையைக் கைவிட்டார்கள். 2015-ல் லண்டனிலிருந்து ஓர் ஆராய்ச்சி வந்தது. அப்படிப்பட்ட 640 குழந்தைகளில் ஒரு பாதிக்கு ஒரு வயது முடிவதற்குள்ளேயே நிலக்கடலை உணவைக் கொடுக்கத் தொடங்கினார்கள், மறு பாதிக்கு ஐந்து வயது வரை கொடுக்கவில்லை. கொடுத்த பிள்ளைகளிடம் அலர்ஜி ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது. சீக்கிரம் ஊட்டிய நம் ஆயாமார்கள் தோற்கவில்லை! ஆனால் இது அலர்ஜி வராமல் தடுக்கும் வழி. வந்துவிட்ட பிள்ளைக்கு இதைச் செய்யக் கூடாது. கைக்குழந்தைக்கு முழுக் கடலையும் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும்.

சமையல் கட்டுக்கு வருவோம். எள்ளும் மல்லாட்டையும் விலக்கு என்றால் பெயரளவில் இரண்டே பொருள். அவை எங்கெல்லாம் ஒளிந்திருக்கின்றன என்று மகளோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினேன். நல்லெண்ணெய், செக்குக் கடலெண்ணெய், இட்லி மிளகாய்ப் பொடி, புளியோதரை, முறுக்கு, தட்டை, அதிரசம், ஓட்டல் சட்னியில் தேங்காய்க்குப் பதில் அரைக்கும் மல்லாட்டை, ரொட்டி மேல் தூவும் எள். பக்கம் நிறைந்துவிட்டது. பொருளே இல்லாத உணவிலும் கரண்டி வழியாக வரும். மல்லாட்டைச் சட்னி அரைத்த மிக்சியில் தேங்காய்ச் சட்னி அரைத்தால் போதும்.

இது பெரிய தொல்லை, யாரால் முடியும் என்று கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம். எச்சில் என்ற கணக்கு உலகத்தில் நம்மைப் போல் யார் பார்த்தார்கள்? வெள்ளிக்கிழமை சைவத்துக்குத் தனிச் சட்டி வைத்த வீடுகள் நம்முடையவை. கறி கிண்டிய கரண்டியை சாம்பாரில் போட்டால் சாம்பார் முழுவதையும் கொட்டிய மாமியார்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் பத்தியம் வைத்து, ஒரு கடுகு தவறாமல் பார்த்துக்கொண்டவர்கள் நம் அம்மாக்கள். விரதக்காரருக்குத் தெரியாமல் கோழிக்குழம்பை ஊற்றி "ஒரு கரண்டிதானே" என்று யாராவது சொல்வோமா? சாமிக்காகவும் ஆசாரத்துக்காகவும் காட்டிய அதே ஒழுங்கை ஒரு பிள்ளையின் மூச்சுக்காகக் காட்டச் சொல்கிறேன். புதிதாக எதுவும் கற்க வேண்டாம்.

கடையில் வாங்குவதற்கு ஓரளவு சட்டம் துணை இருக்கிறது. 2020-ன் லேபிள் விதிகளின்படி பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, நிலக்கடலையும் மற்றக் கொட்டைகளும், சோயா, குளூட்டன் உள்ள தானியங்கள், சல்பைட் ஆகியவை இருந்தால் பாக்கெட்டில் தனியாக அறிவிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் எள் இல்லை, கடுகும் இல்லை. ஐரோப்பாவின் பதினாலு பொருள் பட்டியலில் இரண்டும் உண்டு. ஆகவே நம் வீட்டில் முழுப் பொருள் பட்டியலையும் படிக்க வேண்டியிருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு! பாக்கெட் இல்லாத இனிப்புக்கும் பலகாரத்துக்கும் கடைக்காரர் வாய்தான் லேபிள்.

எள் விஷயத்தில் லேபிள் என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். 2016-ல் நடாஷா என்ற 15 வயதுப் பெண் லண்டனிலிருந்து பிரான்சின் நீஸ் நகரத்துக்குப் போகும்போது விமான நிலையத்தில் ஒரு பாகெத் சாண்ட்விச் வாங்கிச் சாப்பிட்டாள். எள் மேலே தூவியிருக்கவில்லை, மாவிலேயே கலந்திருந்தது. உறையில் எழுதவில்லை. அப்பா இரண்டு ஊசி போட்டும் பிள்ளை பிழைக்கவில்லை. அவள் பெற்றோர் போராடி, 2021 அக்டோபரில் அவள் பெயராலேயே அங்கே சட்டம் வந்தது. ரொட்டியை நேசிக்கும் ஊர்க்காரர்களான நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

பள்ளிக்கூடத்தையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சு நிர்வாகம் 1930-லேயே பள்ளியில் மதிய உணவு தொடங்கிய ஊர் நம்முடையது. பசித்த எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சோறு என்பது அன்றைய தேவை. இன்றைக்குப் பிரான்சில் அலர்ஜி உள்ள பிள்ளைக்கு "பே-ஆ-இ" என்று ஓர் ஆவணம் போடுகிறார்கள். பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் என் தங்கையின் பேத்திக்கு முட்டை ஆகாது, அவளுக்கும் இருக்கிறது. பெற்றோர், பள்ளித் தலைவர், டாக்டர் சேர்ந்து, என்ன விலக்கு, என்ன அறிகுறி, எந்த மருந்து, யார் போடுவது என்று எழுதி வைக்கிறார்கள். வீட்டுச் சாப்பாட்டை காந்தீனுக்குக் கொண்டுபோகவும் அனுமதி. நமக்கு அவ்வளவு வேண்டாம். சேர்க்கைப் படிவத்தில் "பிள்ளைக்கு ஆகாத உணவு, அவசர மருந்து" என்று இரண்டு வரி போதும். படிவங்களோடு முப்பத்தைந்து வருஷம் வாழ்ந்தவன் சொல்கிறேன், இரண்டு வரி சேர்க்கப் பெரிய செலவு ஆகாது.

கடைசியாக, நம் வயதுக்காரர்களுக்கு ஐந்து வேண்டுகோள். ஆபீஸ் பழக்கம், எண் போட்டே எழுதுகிறேன்.

1. எந்தப் பிள்ளைக்கும், தாயையோ தகப்பனையோ கேட்காமல் எதையும் ஊட்டாதீர்கள். பிரசாதமாக இருந்தாலும் சரி. கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாலே சாமி ஏற்றுக்கொள்ளும்.

2. தெரியாமல் கொடுத்துச் சோதிக்காதீர்கள். ஒன்றும் ஆகாவிட்டாலும் அது வெற்றி இல்லை.

3. பிள்ளைக்கு ஆகாததை நீங்கள் சாப்பிட்டால், வாய் கொப்பளித்து, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தூக்குங்கள், முத்தம் கொடுங்கள். கையில் தடவும் சானிடைசர் அந்தப் புரதத்தை எடுக்காது.

4. ஊசி போட நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். மேல்நாட்டில் பேனா மாதிரி தானியங்கி ஊசி கிடைக்கிறது. இங்கே அது எளிதில் கிடைப்பதில்லை, ஆம்பூலும் சிரிஞ்சும்தான். அளவை டாக்டர் எழுதித் தருவார். தொடையின் வெளிப்பக்கம் போட வேண்டும். அவில், செட்டிரிசின் மாத்திரை அரிப்பைத் தணிக்கும், மூச்சைத் திருப்பித் தராது. அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் நேரம் போய்விடும். ஊசி போட்டதும் பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும். எழுந்து நடக்க விடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம்.

5. அந்தப் பிள்ளை எதிரில் "ஐயோ பாவம், இதைத் தின்னக் கொடுத்து வைக்கவில்லையே" என்று சொல்லாதீர்கள். என் பேரனுக்கு அதிரசம் இல்லாததால் ஒரு குறையும் இல்லை. நம் முகத்தைப் பார்த்துத்தான் அவனுக்குக் குறை தெரிகிறது.

பாலுக்கும் முட்டைக்கும் அலர்ஜி உள்ள பிள்ளைகளில் நிறையப் பேருக்கு வளர வளரப் போய்விடுகிறது. எள்ளும் மல்லாட்டையும் அவ்வளவு எளிதில் போவதில்லை. என் பேரனுக்குப் போகாமலே இருக்கலாம். அதனால் அவன் இப்போதே கற்றுக்கொண்டிருக்கிறான். யார் எதை நீட்டினாலும், "இதுல எள்ளு இருக்கா? மல்லாட்டை இருக்கா?" என்று கேட்பான். போன மாதம் ஒருவர், "என்னடா, பெரியவங்க கொடுத்தா வாங்கிக்கணும், கேள்வி கேக்கக் கூடாது" என்றார். நான் குறுக்கிட்டு, "அவன் கேட்பான், நீங்க பதில் சொல்லுங்க" என்றேன்.

தீபாவளி வருகிறது. பலகாரத் தட்டோடு பக்கத்து வீட்டுக்குப் போவீர்கள். அங்கே சின்னப் பிள்ளை இருந்தால், தட்டை நீட்டும் முன் என்ன எண்ணெயில் சுட்டது, உள்ளே என்ன போட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பிரெவே பரீட்சைக் கதை ஒன்று பாக்கி இருக்கிறது. அதோடு வருகிறேன்.